விசிலுக்குப் பிறகு

கோட்டைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது அந்தக் கால், இடது கணுக்காலில் கறுப்புக் கயிறு, கயிற்றுக்குக் கீழே செம்மண் அப்பிய குதிகால், முன்விரல்களில் நின்று துள்ளுகிற கால், அந்தக் காலை அதன் சொந்தக்காரியைவிட எனக்கு நன்றாகத் தெரியும், ஏளா ஜெனிட்டா, வா, இன்னும் ஒரு எட்டு வை, பயப்படாதே, மூலையில் நிற்பது கிழவிதான், முப்பத்துநாலு வயது, ஒரு முட்டியில் ஆபரேஷன் தழும்பு, இன்னொரு முட்டியில் வாயு, இவளா உன்னைப் பிடிக்கப் போகிறாள் என்று உன் ஆட்கள் அங்கே சிரிக்கிறார்கள், வா, என்று உதட்டுக்குள்ளேயே சொல்லிக்கொண்டு வலது மூலையில் குனிந்து நிற்கிறேன், இரண்டு கையும் முட்டிக்குக் கீழே தொங்குகின்றன, நான்கு மணி வெயில் முதுகில் விழுகிறது, மைதானத்தைச் சுற்றி ஆலங்கிணறு ஊரே நிற்கிறது, இடம் கிடைக்காதவர்கள் டிராக்டர் மேல் ஏறி நிற்கிறார்கள், கோயில் கொடைக்கு நடத்துகிற கபடிப் போட்டி, பெண்கள் இறுதி ஆட்டம், இருபத்தேழுக்கு இருபத்தாறு, நாங்கள் ஒன்று கூட, இரண்டு நிமிஷம் பாக்கி, அவர்கள் இரண்டு தடவை கபடி பாடி வந்து வெறுங்கையோடு திரும்பியாயிற்று, இது மூன்றாவது, இந்தத் தடவை யாரையாவது தொட்டே ஆக வேண்டும், தொடாமல் திரும்பினால் பாட வந்தவளே அவுட், அதனால்தான் இருக்கிறதிலேயே நல்ல காலை அனுப்பியிருக்கிறார்கள். எனக்கு ஆட்டம் ஒரு பொருட்டில்லை, கோப்பையை யார் வேண்டுமானாலும் கொண்டுபோகட்டும், எனக்கு அந்தக் கால் வேண்டும். ஐந்து வருஷமாக அது ஒன்றுதான் வேண்டியிருக்கிறது.

கபடி கபடி கபடி, அந்தக் குரல், மெல்லிய குரல், கடைசி எழுத்து மட்டும் பல்லில் தட்டும், அந்தக் குரலுக்குப் பக்கத்தில் இரண்டு வருஷம் ஒரே பாயில் படுத்திருக்கிறேன், வெளியூர் ஆட்டத்துக்குப் போனால் கல்யாண மண்டபத்துத் தரையில் பன்னிரண்டு பெண்களை வரிசையாகப் படுக்கப் போடுவார்கள், ஜெனிட்டா என் பக்கத்தில்தான் வந்து படுப்பாள், ஒங்க பக்கத்துலன்னாத்தான் தூக்கம் வருதுக்கா என்பாள், அப்போது அவளுக்கு இருபத்தொன்று, எனக்கு இருபத்தேழு, கடற்கரைப் பக்கமிருந்து ஒரு துணிப்பையும் ஒரு ஜோடி ஷூவுமாக எங்கள் செங்குழி அணிக்கு வந்தவள், நான் கொண்டுபோகிற புளிச்சோற்றில் பாதி அவளுக்கு, அவள் கொண்டுவருகிற நெத்திலிக் கருவாட்டில் பாதி எனக்கு, இரண்டு பேருமே பாடுகிறவர்கள், ஆனால் நான் முதல் ஆள், செங்குழிக்காரி பாடக் கிளம்பினால் எதிரணி மூலைக்காரிகள் தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள் என்று எங்கள் தவசிக்கனி மாஸ்டர் மைக்கிலேயே சொல்லுவார், கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவார், முழுப் பொய் என்று சொல்ல முடியாது. அவளுக்கு மூச்சு கம்மி. சின்ன வயதில் இழுப்பு வந்த பிள்ளை, தூக்கத்தில்கூட நாலு மூச்சு சரியாக விட்டு ஐந்தாவதை அரைகுறையாக விழுங்கும், பாடும்போது பதினெட்டாவது கபடியில் குரல் இறங்கும், இருபதில் திரும்பியே ஆக வேண்டும், இது வேறு யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும், ஒரே பாயில் படுத்தவளுக்குத் தெரியாமல் போகுமா. உண்ட வீட்டுக்கு ரெண்டகம் நினைப்பவள் என்று அப்போது அவள் நெற்றியில் யாராவது எழுதிக் காட்டியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

ஒன்று, இரண்டு, மூன்று, அவள் நடுவில் நிற்கிறாள், ஆட்டம் முழுக்க என் மூலையைத் தவிர்த்துத்தான் பாடிக்கொண்டிருக்கிறாள், இன்னும் என் பக்கம் வரவில்லை, வரட்டும், அன்றைக்கும் இப்படித்தான் வெயில் சாய்ந்திருந்தது, பயிற்சி நாள், மாநில அணித் தேர்வுக்கு நான்கு நாள் பாக்கி, எங்கள் மாவட்டத்திலிருந்து பாடுகிறவளாக ஒருத்தியைத்தான் எடுப்பார்கள், அது நான்தான் என்று ஊருக்கே தெரியும், மாநில அணிக்குப் போனால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை என்பதும் ஊருக்கே தெரியும், எங்கள் பயிற்சியில் ஒரு வழக்கம் உண்டு, பாடுகிறவர்களும் முறைவைத்து மூலையில் நின்று பிடிக்க வேண்டும், அன்றைக்கு மூலையில் ஜெனிட்டா முறை, நான் பாடிப் போகிறேன், விளையாட்டாகத்தான் போகிறேன், அவளைப் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டு போகிறேன், போனேன், காலை நீட்டினேன், பிடித்துவிட்டாள், நல்ல பிடி, இடது கணுக்காலை இரண்டு கையாலும் சேர்த்து, நான் குப்புற விழுந்தேன், வாய் நிறையச் செம்மண், மாஸ்டர் விசில் அடித்தார், அவள் விரல்கள் இளகின. இதைத்தான் நான் எல்லோரிடமும் சொன்னேன், இளகின, ஒரு விரல் இல்லை, பத்து விரலும் இளகின, பயிற்சியில் ஆயிரம் தடவை விசில் கேட்டு ஆயிரம் தடவை இளகின கை அல்லவா, தானாக இளகும், அதற்குப் பிறகு, விசிலுக்குப் பிறகு, விரல்கள் மறுபடி இறுகின, இறுகி, உடம்போடு சேர்ந்து ஒரு உருளல், பச்சை மட்டையைக் கிழிக்கிற மாதிரி என் முட்டிக்குள் ஒரு சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு நான் கத்தியது எனக்கு ஞாபகமில்லை, கத்தினேன் என்று சொன்னார்கள்.

விசில் கேக்கலக்கா, சத்தியமா கேக்கலக்கா என்று அவள் மண்ணில் உருண்டு அழுதாள், நான்கு பேர் அவளைத் தூக்கி உட்காரவைத்து முகம் கழுவிவிட்டு சோடா உடைத்துக் கொடுத்தார்கள், பாவம் பிள்ள பயந்துட்டா என்று முதுகைத் தடவிவிட்டார்கள், முட்டி கிழிந்தவள் நான், சோடா குடித்தவள் அவள். ஆஸ்பத்திரிக்கும் வந்தாள், ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு, கட்டில் பக்கம் நின்று மறுபடியும் விசில் கேக்கலக்கா என்றாள், நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன், என் வீட்டுக்காரர் சுடலைமணிதான் அந்த ஆரஞ்சை உரித்து அவளுக்கே இரண்டு சுளை கொடுத்தார், பாவம் என்றார், அவருக்கு உலகத்தில் எல்லோரும் பாவம். தேர்வுக்கு அவள் போனாள், மாநில அணிக்கு அவள் போனாள், வேலையும் அவளுக்கு வந்தது, பஸ் நிறுத்தத்தில் அவளுக்கு ஃப்ளெக்ஸ் வைத்தார்கள், எங்கள் மண்ணின் பெருமை என்று போட்டு, இறால் கம்பெனி வேனில் தினமும் காலையில் அதைத் தாண்டித்தான் போவேன், ஆறு மாசம், வெயிலில் அவள் முகம் வெளுத்துப் பல் மட்டும் தெரிகிறவரைக்கும் அந்த ஃப்ளெக்ஸை யாரும் அவிழ்க்கவில்லை. மாஸ்டரிடம் விரல் இளகியதைச் சொன்னேன், இறுகியதைச் சொன்னேன், அவர் தலையைச் சொறிந்துகொண்டு, ஏ பிள்ள, அது ஒரு நொடி, ஒரு நொடிக்குள்ள எவ கணக்குப் போடுவா, விசில் காதுல விழணும், விடணுமா வேண்டாமான்னு நெனைக்கணும், வேண்டாம்னு முடிவெடுக்கணும், அதுக்கப்புறம்லா திருகணும், ஒரு நொடியில ஆகுத காரியமா, வலியில ஒனக்கு அப்படித் தோணியிருக்கும் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த நியாயம்தான் என்னைத் தின்றது, பிறகு பிறகு எனக்கே சந்தேகம் வர ஆரம்பித்தது, ஒருவேளை இளகவே இல்லையோ, ஒருவேளை நான்தான் கிழிந்த முட்டிக்கு ஒரு ஆளைத் தேடுகிறேனோ என்று, இறாலை உரித்துக்கொண்டே நினைப்பேன், ஐஸ் தண்ணீரில் கை மரத்துப்போயிருக்கும், மரத்துப்போன விரல்களை இறுக்கி, இளக்கி, மறுபடி இறுக்கிப் பார்ப்பேன், ஒரு நொடி போதுமா, போதாதா. அக்கா என்னத்த எண்ணுதிய என்று பக்கத்து மேசைக்காரி கேட்பாள்.

எட்டு, ஒன்பது, இப்போது இடது பக்கம் போய் எங்கள் ஆளை ஏய்க்கிறாள், கை நீட்டுகிறாள், தொடவில்லை, நான் அசையவில்லை, அசையாமல் நிற்க எனக்கு ஒன்றரை வருஷம் பிடித்தது. முட்டி ஆறி மறுபடி மைதானத்துக்கு வந்தபோது முன்னால் ஓட முடிந்தது, திரும்பத்தான் முடியவில்லை, பாடுகிறவளுக்குத் திரும்பத் தெரியாவிட்டால் போன இடத்திலேயே சமாதிதான், நான்கு ஆட்டத்தில் பதினோரு தடவை பிடிபட்டேன், மாஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பாடினது போதும் பிள்ள, மூலைக்குப் போ என்றார், மாஸ்டர், நான் பன்னெண்டு வருசம் பாடினவ என்றேன், தெரியும்லா, பாட விட்டதே நான்தானே என்றார், மூலையில நிக்கதுக்கு ஓட வேண்டாம், திரும்ப வேண்டாம், வாரவரைக்கும் காத்துக்கெடக்கத் தெரியணும், வந்தா விடாமப் பிடிக்கத் தெரியணும், ஒனக்கு ரெண்டும் வரும்னு எனக்குத் தோணுது என்றார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சோற்றுப் பானையைப் போட்டு உடைத்தேன், மறுநாள் வேனில் போகும்போதுதான் அது எனக்கு உறைத்தது, பாடுகிறவள் எதிரியின் வீட்டுக்குப் போய்த் தொட்டுவிட்டு ஓடி வருகிறவள், அவளால் யாரையும் பழிவாங்க முடியாது, மூலையில் நிற்கிறவளிடம்தான் கால் வரும். ஜெனிட்டா இன்னும் பாடிக்கொண்டுதான் இருக்கிறாள், என்றைக்காவது ஒருநாள் அந்தக் கால் என் மூலைக்கு வந்துதானே ஆக வேண்டும், அன்றைக்குச் சாயங்காலம் மாஸ்டரிடம் போய் மூலைக்கு நிக்கேன் என்றேன், என்ன பிள்ள அதுக்குள்ள மனசு மாறிட்டு என்று அவர் சந்தோஷப்பட்டார், அவருக்கு என்ன தெரியும்.

சொல்லிவிட்டேனே தவிர உடம்பு கேட்கவில்லை, பன்னிரண்டு வருஷம் ஒரு வேலை பார்த்த உடம்பு, எதிரணிக்காரி பக்கத்தில் வந்தால் பிடிப்பதற்குப் பதில் தொடுவதற்குக் கை நீளும், காலைப் பார்க்க வேண்டியவள் முகத்தைப் பார்ப்பேன், ஒரு தடவை பாடி வந்தவள் திரும்பி ஓடினபோது அவளோடு சேர்ந்து நானும் நடுக்கோட்டைப் பார்த்து ஓடினேன், பழக்கதோஷம், இரண்டு பேரும் ஒன்றாகக் கோட்டைத் தொட்டோம், மைதானமே உருண்டு சிரித்தது, எங்க போற அத்தாச்சி, பஸ்ஸுக்கா என்று ஒருவன் கூட்டத்திலிருந்து கேட்டான். இதெல்லாம்கூடச் சரியாகிவிட்டது, ஒன்று மட்டும் பிடிபடவே இல்லை, சரியான நேரத்தில்தான் பாய்வேன், சரியாகத்தான் பிடிப்பேன், பிடித்ததும் கையில் பலம் இருக்காது, விரல்கள் துவண்டுவிடும், பாடி வந்தவள் காலை உதறிக்கொண்டு போவாள், எனக்குக் கண் இருட்டும், வயதாகிவிட்டது என்றார்கள், ரத்தம் கம்மி என்றார்கள், முருங்கைக்கீரை தின்னச் சொன்னார்கள், தின்றேன். எனக்கு அடுத்து நின்று பிடிக்கிற சந்தனமாரிதான் கண்டுபிடித்தாள், ரேஷன் கடையில் வேலை, வாய் பெரிசு, மனசும் பெரிசு, ஒருநாள் ஆட்டத்துக்கு நடுவிலேயே என் பக்கம் திரும்பி, எக்கா, நீ என்னத்துக்கு மூச்சப் பிடிச்சிக்கிட்டு நிக்க, பாடுதது அவ, நீ இல்லேல்லா என்றாள். நிஜம், எதிரணிக்காரி கபடி என்று ஆரம்பித்ததும் நான் மூச்சை அடக்கிவிடுகிறேன், பன்னிரண்டு வருஷம் அந்தச் சொல் காதில் விழுந்தால் நெஞ்சு அடைத்துக்கொள்ளப் பழகிவிட்டது, அவள் பாடுகிறவரைக்கும் நானும் மூச்சில்லாமல் நிற்கிறேன், அவள் பலம் தீருகிற நேரத்தில் எனக்கும் தீர்ந்துவிடுகிறது.

மூச்சு விடு மூச்சு விடு என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன், சொல்லுகிறவரைக்கும் வரும், அப்புறம் அடைத்துக்கொள்ளும், சந்தனமாரி யோசித்து ஒரு வைத்தியம் சொன்னாள், பேசிக்கிட்டே நில்லுக்கா, வாய் பேசினா மூச்சு தன்னால வரும்லா என்றாள், என்னத்தட்டி பேச என்றேன், ஒனக்கா பேச்சுக்குப் பஞ்சம், அந்த ஜெனிட்டாவ வையி என்றாள். வைதேன். முதல் நாள் கொஞ்சமாக வைதேன், ஏளா ஜெனிட்டா நீ நல்லாயிருப்பியா என்று ஆரம்பித்து, மூச்சு வந்தது, அடுத்த நாள் நீளமாக வைதேன், புளிச்சோற்றையும் கருவாட்டையும் ஆரஞ்சையும் சோடாவையும் ஒவ்வொன்றாக எடுத்து வைதேன், மூச்சு தாராளமாக வந்தது, ஒரு கால் வந்தது, பிடித்தேன், விரல்கள் இரும்பாக இருந்தன. அன்றிலிருந்து மூலையில் நிற்கும்போதெல்லாம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இதோ இப்போது சொல்லிக்கொண்டிருக்கிற இதையேதான், முதலிலிருந்து, கறுப்புக் கயிற்றிலிருந்து, யார் பாடி வந்தாலும் எனக்கு அது ஜெனிட்டாதான், எதிரணிப் பிள்ளைகள் அந்தக் கிழவி மந்திரம் போடுதா என்று பயந்தார்கள், ஒன்றரை வருஷத்தில் மாவட்டத்திலேயே நல்ல மூலைக்காரி என்று மெடல் கொடுத்தார்கள், மெடலை வாங்கும்போதும் வைதுகொண்டேதான் வாங்கினேன். காலை ஷிப்ட் முடிந்து மத்தியானம் கண் அயர்ந்தால் அந்தக் கால் வரும், செம்மண்ணில் நடந்து வரும், கடல் தண்ணீரில் நடந்து வரும், இறால் மேசை மேல் ஏறி நடந்து வரும், நான் பாய்ந்து பிடிப்பேன், பிடித்து உருளுவேன், ஒரு தடவை ஐயோ என்று ஆண்குரல் கேட்டுக் கண்விழித்தால் கையில் என் வீட்டுக்காரர் கால், ஏம்ட்டி, இது ஜெனிட்டா காலு இல்ல, ஒம் மாமியா பெத்த காலு என்றார், அதிலிருந்து அவர் மத்தியானத்தில் நாற்காலியில் சம்மணம் போட்டுத்தான் தூங்குகிறார்.

பதிமூன்று, பதினான்கு, இந்தப் போட்டிக்கு அவள் வேலை பார்க்கிற இடத்து அணியும் வருகிறது என்று நோட்டீஸில் பார்த்த அன்றைக்கே எனக்குத் தீர்ந்துவிட்டது, ஒடிப்பேன், வேறு பேச்சில்லை, எந்தக் கால் பலத்தில் அந்த வேலையில் உட்கார்ந்திருக்கிறாளோ அந்தக் காலை ஒடிப்பேன், அதற்குப் பிறகு என்னை ஆட்டத்தைவிட்டே தள்ளிவைத்தாலும் சரி, எனக்கு இனி எத்தனை ஆட்டம் இருக்கிறது, எப்படி ஒடிப்பது என்று எனக்குத் தெரியும், அவள்தானே கற்றுக்கொடுத்தாள், கணுக்காலைப் பிடித்துக்கொண்டு வெளிப்பக்கமாக ஒரு உருளல், அவ்வளவுதான். சந்தனமாரியிடம் மட்டும் சொன்னேன், அவள் ஷூக் கயிற்றைக் கட்டிக்கொண்டே, எக்கா, ஒடிக்கணும்னா ஆட்டம் முடிஞ்சப்புறம் ஒடி, நடுவுல ஒடிச்சேன்னா ஒன்னய வெளியேத்திருவான், நம்ம ஆறு பேரா நிக்கணும் என்றாள். பதினைந்து, இப்போது என் பக்கம் திரும்புகிறாள், திரும்பினாள், என்னைப் பார்த்தாள், ஐந்து வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக நேருக்கு நேர், முகம் கொஞ்சம் சதை போட்டிருக்கிறது, கண்ணுக்குக் கீழே கறுப்பு, நான் முகத்தைப் பார்க்கக்கூடாது, காலைப் பார்க்க வேண்டும், பதினாறு, கறுப்புக் கயிறு, பதினேழு, ஒரு எட்டு பின்னால் வைக்கிறாள், ஏமாற்றுகிறாள், மறுபடி வருவாள், பதினெட்டு, குரல் இறங்கியது, எனக்கு மட்டும் தெரிந்த இடத்தில் இறங்கியது, என்னைத் தொட்டுவிட்டுப் போய்விடலாம் என்று இடது காலை நீட்டுகிறாள், வந்தியா, வா, பத்தொன்பது.

பிடித்தேன். எப்போது பாய்ந்தேன் என்று தெரியவில்லை, கணுக்கால் என் இரண்டு கைக்குள் இருக்கிறது, கயிறு உள்ளங்கையில் உறுத்துகிறது, வியர்வையில் வழுக்குகிறது, வழுக்கட்டும், தினமும் எட்டு மணி நேரம் இறாலைப் பிடிக்கிற விரல் இது, சந்தனமாரி பாய்ந்து இடுப்பை வளைத்துக்கொண்டாள், ஜெனிட்டா குப்புற விழுந்தாள், வாய் நிறையச் செம்மண், கபடி பாதியில் அறுந்தது, நடுவர் விசில் அடித்தார், என் விரல்கள் இளகின. நான் இளக்கவில்லை, அவை தானாக இளகின, ஆயிரம் தடவை இளகின விரல்கள், பத்தும் இளகின, சந்தனமாரி எழுந்துவிட்டாள், கூட்டம் கத்துகிறது, அந்த இடத்தில், அந்த ஒரு நொடியில், எனக்கு எல்லாவற்றுக்கும் நேரம் இருந்தது, ஃப்ளெக்ஸைப் பார்க்க நேரம் இருந்தது, ஐஸ் தண்ணீரைப் பார்க்க நேரம் இருந்தது, விடலாமா என்று கேட்டுக்கொள்ள நேரம் இருந்தது, வேண்டாம் என்று சொல்லிக்கொள்ள நேரம் இருந்தது, அதற்குப் பிறகும் கொஞ்சம் மிச்சம் இருந்தது, விரல்கள் மறுபடி இறுகின. என் கைக்குள் அவள் கால் கல்லாகிவிட்டது. அவளுக்குத் தெரிந்துவிட்டது, இளகினதும் தெரிந்துவிட்டது, இறுகினதும் தெரிந்துவிட்டது, உலகத்தில் இந்தப் பாஷை தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான், அவள் தலையைத் தூக்கவில்லை, உதறவில்லை, கத்தவில்லை, மண்ணுக்குள் வாயை வைத்துக்கொண்டே, கேட்டுச்சுக்கா என்றாள், அன்னைக்கு விசில் கேட்டுச்சுக்கா, எனக்குக் கேட்டுச்சு. உருளத் தயாராக இருந்த உடம்பு அப்படியே நின்றது, இன்னும் ஒரு நொடி பிடித்திருந்தேன், பிறகு கையை எடுத்தேன்.

நடுவர் ஓடிவந்து விசிலுக்குப் பிறகும் பிடித்ததற்காக எனக்கு எச்சரிக்கையாகப் பச்சை அட்டையைக் காட்டினார், மாஸ்டர் வெளியிலிருந்து கையை ஆட்டினார், சந்தனமாரி என் முதுகில் அடித்து, இருபத்தெட்டுக்கா, ரெண்டு கூட என்றாள், என்னக்கா சொன்னா அவ என்று கேட்டாள், ஒண்ணுமில்ல என்றேன். ஜெனிட்டா எழுந்து அவள் பக்கத்து ஓரத்தில் அவுட்டானவர்கள் உட்காருகிற இடத்தில் தனியாகப் போய் உட்கார்ந்தாள், கணுக்காலைத் தடவிவிட்டுக்கொண்டாள், நான் அவளைத் தூக்கிவிடவில்லை, மன்னிக்கவும் இல்லை, அதை யாரும் தப்பாக நினைத்துக்கொள்ளக் கூடாது, ஆனால் நெஞ்சுக்குள் ஐந்து வருஷமாக ஓடிக்கொண்டிருந்த மோட்டார் ஒன்று நின்றுபோயிருந்தது, நான் பைத்தியம் இல்லை, விரல் இளகியது, இறுகியது, நான் சொன்னது அத்தனையும் நிஜம். எங்கள் பிள்ளை ஒருத்தி பாடப் போய்ச் சும்மா திரும்பி வந்தாள், அடுத்து அவர்கள் பக்கத்திலிருந்து ஒரு சின்னப் பெண் பாடி வருகிறாள், பேர்கூடத் தெரியாது, இரட்டைச் சடை, கபடி கபடி கபடி, நான் மூலையில் குனிந்து நிற்கிறேன், இரண்டு கையும் தொங்குகின்றன, உதட்டைத் திறக்கிறேன், ஒன்றும் வரவில்லை. என்ன சொல்ல, கருவாடா, ஆரஞ்சா, எதை எடுத்தாலும் அது பழசாக இருக்கிறது, சொல்லி முடித்ததாக இருக்கிறது, இந்தப் பிள்ளையை வைவதற்கு எனக்கு ஒரு காரணமும் இல்லை, பார்க்கப் பாவமாக வேறு இருக்கிறாள், பாவம் என்று என் வீட்டுக்காரர் மாதிரி நினைக்கிறேன், கண் இருட்டிக்கொண்டு வருகிறது, எக்கா மூச்சு என்று சந்தனமாரி கத்துகிறாள், நெஞ்சு எப்போது அடைத்துக்கொண்டது என்று தெரியவில்லை, இரட்டைச் சடை என் மணிக்கட்டில் லேசாக ஒரு தட்டுத் தட்டிவிட்டு நடந்தே திரும்பிப் போனாள்.

இருபத்தெட்டுக்கு இருபத்தேழு. நான் அவுட். அந்த ஆட்டத்தை நாங்கள் ஒன்றில் ஜெயித்தோம், கோப்பையைத் தூக்குகிற போட்டோவில் நானும் இருக்கிறேன், பல் தெரிகிறது, அது பிறகு, இப்போது நாற்பது நொடி பாக்கி இருக்கிறது, நான் எங்கள் பக்கத்து ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறேன், எதிரில் ஜெனிட்டா எழுந்திருக்கிறாள், கபடியில் ஒருத்தியைத் தொட்டால் தொட்ட அணியில் அவுட்டாகிக் கிடக்கிற ஒருத்திக்கு உயிர் வரும், என்னைத் தொட்டதால் அவளுக்கு உயிர் வந்திருக்கிறது, நான் மூச்சை அடக்கின அடக்கில் அவளுக்கு உயிர். கோட்டுக்கு வெளியே நின்று பாவாடையில் ஒட்டின மண்ணைத் தட்டுகிற மாதிரி அரைக்கால் சட்டையைத் தட்டுகிறாள், என்னைப் பார்க்கிறாள், முகம் லேசாக இருக்கிறது, கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்புகூடக் குறைந்த மாதிரி இருக்கிறது, பாவத்தைச் சொல்லிவிட்டு வெளியே வருகிறவர்களின் முகம், சொல்லிவிட்டாள் அல்லவா, என் கையில் இறக்கிவைத்துவிட்டாள், அவளுக்கு வேலை இருக்கிறது, கால் இருக்கிறது, இப்போது நிம்மதியும் இருக்கிறது, ஐந்து வருஷமாக அவள் மனதுக்குள் அரித்துக்கொண்டிருந்தது ஒன்றுதான் எனக்குக் கிடைத்த நியாயம், அதையும் நானே பிடித்து வாங்கி அவளை விட்டுவிட்டேன். கேட்டது என்கிறாள், கேட்டும் இறுக்கினாள், இத்தனை நாள் நான் ஒரு சந்தேகத்தைத்தான் வைதுகொண்டிருந்தேன், அவளை வைய இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. அவள் இடது காலைத் தூக்கிக் கோட்டைத் தாண்டி உள்ளே வைக்கிறாள், கறுப்புக் கயிறு, கயிற்றைச் சுற்றி என் பத்து விரலும் சிவப்பாகப் பதிந்திருக்கின்றன, கொஞ்சமும் நொண்டாமல் துள்ளிக்கொண்டு போகிறாள், ஏளா ஜெனிட்டா, என்று ஆரம்பித்தேன், மூச்சு வந்தது.